மாப்பிள்ளை வண்டியும் என் முட்டியும்

மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுவது ஒரு வேலையே இல்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் சாமி கும்பிட்டு, அங்கிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டி வருவார்கள். மேளம் முன்னால் போகும். ஆள் நடக்கிற வேகத்தில் கார் பின்னால் போகும். மண்டப வாசலில் டிரைவர் முதலில் இறங்கி, சுற்றி வந்து, மாப்பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கையை நீட்ட வேண்டும். இதைக் கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கும்.

கம்பத்தில் எங்கள் சின்ன முதலாளி ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணத்துக்கு வண்டி விடுவது அவருடைய சொந்த யோசனை. முதலில் குதிரைச் சாரட்டு வைத்திருந்தார். குதிரை ஒரு மாப்பிள்ளையைக் கடித்ததும் அதை விற்றுவிட்டுக் கொச்சியிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். சிவப்பு நிறம். இரண்டே சீட்டு. மொத்த வண்டியும் என் இடுப்பு உயரம்தான். உள்ளே உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. கூடவே பொண்ணு வீட்டு ஆட்களை ஏற்றிவர உயரமான வெள்ளை வேன் ஒன்றையும் வாங்கினார்.

நான் குமுளி மலையில் லாரி ஓட்டியவன். இடது முட்டி கிளட்சுக்குப் போனது, வலது முட்டி அதற்குத் துணைக்குப் போனது. வேலை கேட்டுப் போனபோது எனக்கு வேன்தான் என்று பேச்சு. என்னோடு சேர்ந்தவன் பெருமாள், என் மனைவியின் தங்கை புருஷன், அதாவது என் சகலை. அவன் நேரே முதலாளி அம்மா காலில் விழுந்து, "அம்மா, எனக்கு முதுகுல தட்டு விலகியிருக்கு, தாழ உக்கார முடியாது" என்று அழுதான். வேன் அவனுக்குப் போனது. முதுகில் தட்டு விலகினவன் எப்படி அவ்வளவு குனிந்து காலில் விழுந்தான், விழுந்தவன் எப்படி ஒரு முனகல் இல்லாமல் எழுந்தான் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வெள்ளை ஜிப்பாவும் சிவப்புத் தலைப்பாகையும் கொடுத்து அந்தச் சிவப்புக் காரில் இறக்கிவிட்டார்கள். முட்டி தேய்ந்தவர்களே, இடுப்புப் பிடித்தவர்களே, நாற்காலியை விட்டு எழும்போது "அப்பனே முருகா" என்று சொல்கிறவர்களே, மீதியை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை

லாரியில் ஏறுகிறவன் காலைத்தான் முதலில் வைப்பான். அந்தப் பழக்கத்தில் முதல் நாள் இடது காலைக் காருக்குள் விட்டேன். கால் போனது, தலை கூரையில் மோதியது. தலையைத் தாழ்த்தினேன், இடுப்பு ஸ்டியரிங்கில் மாட்டியது. வலது கால் ரோட்டில் நிற்கிறது, இடது கால் பிரேக்கைத் தேடுகிறது, நடுவில் நான் நூலில் தொங்கும் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

கடைசியில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தவழ்ந்து வெளியே வந்தேன். தலைப்பாகை உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது. எங்கள் வண்டி நிற்கும் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை. கடைக்காரன் பாலை ஆற்றியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றிலிருந்து அவன் கடைக்கு நான் போவதில்லை. பக்கத்துக் கடையில் கழுநீர் போல ஒன்றைத் தருகிறார்கள், அதைத்தான் குடிக்கிறேன். அவன் சொன்னது இதுதான்:

"என்னண்ணே தொலைச்சீக? நானும் வந்து தேடவா?"

மூக்கு முட்டியைத் தாண்டணும்

முட்டிக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒன்று தேனி பெரியாஸ்பத்திரியில் இருந்தது. நல்ல பிள்ளை. அதுதான் எனக்கு வழி சொன்னது. ஏறும்போது காலை மறந்துவிட வேண்டும். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார வேண்டும். அப்புறம் இரண்டு முட்டியையும் ஒட்டவைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்துத் தூக்கி உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது இதே வேலை தலைகீழாக. சீட்டைப் பின்னால் தள்ளு, இரண்டு காலையும் ஒன்றாக வெளியே வை, பாதத்தை உன் பக்கம் இழுத்துக்கொள், ஒரு கை சீட்டு ஓரத்தில், ஒரு கை கதவுச் சட்டத்தில். மூக்கு முட்டியைத் தாண்டும்வரை முன்னால் சாய். அப்புறம் எழு.

"கதவைப் பிடிச்சுத் தொங்காதீக, அது ஆடும்" என்றும் சொன்னது. எல்லாம் சரிதான். ஆனால் நாற்காலியில் செய்துபார்த்தபோது எனக்கு வந்தது. காரில் வரவில்லை. காரில் மூக்கு முட்டியைத் தாண்டுவதற்கு முன்பே தொப்பை தொடையில் முட்டிவிடுகிறது. அதைப் போய்ச் சொன்னேன். சீட்டு எவ்வளவு உயரம் என்று கேட்டது. கையைக் காட்டினேன். அந்தப் பிள்ளை என் கையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தது.

"தாத்தா, அது சீட்டு இல்ல, பாயி. நீங்க வேற வேலை பாருங்க."

பட்டு வேட்டி

என் பாடு இருக்கட்டும். மாப்பிள்ளைகள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? சின்னமனூர்ப் பையன் ஒருவன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஆள் ஆறடி. இதுமாதிரிக் காரில் தினமும் போகிறவன் போல, "எனக்குத் தெரியும் அங்கிள்" என்று என்னைத் தடுத்துவிட்டுக் காலை முதலில் விட்டான். பட்டு வேட்டி அந்தக் காலோடு போகவில்லை. அது கதவு ஓரத்தில் சிக்கிக்கொண்டு, சொந்த யோசனையில் மேலே ஏற ஆரம்பித்தது.

மண்டபத்தில் இறங்கும்போது இன்னும் மோசம். ஒரு கால் ரோட்டில், ஒரு கால் உள்ளே, முழங்கால் காதுக்குப் பக்கத்தில். போட்டோக்காரர் நல்ல கோணம் வேண்டும் என்று தரையில் படுத்திருந்தார். எதிரே பொண்ணு வீட்டுக் கூட்டம் மொத்தமும் நிற்கிறது. போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மாப்ள, முட்டியைச் சேத்து வைங்க. இதைக் குடும்பத்தோட உக்காந்து பாக்கணும்."

தாய்மாமன் சீட்டு

மார்க்கையன்கோட்டையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தாய்மாமன் உட்கார்ந்து வருவது அந்த வீட்டு முறை. சாரட்டிலும் ஜீப்பிலும் அது நடக்கும். இதில் சீட்டு இரண்டு, அதில் ஒன்றில் நான். தாய்மாமன் வயலும் வரப்புமாக வளர்ந்த பெரிய உடம்பு. "சீட்டு இல்லேன்னா என்ன, உக்காந்து பாத்துட்டு இறங்கிக்கிறேன். முறைக்கு உக்காந்ததா இருக்கட்டும்" என்றார். மாப்பிள்ளை கோயில் வாசலில் மாலையோடு நிற்க, மாமன் உள்ளே சரிந்தார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இறங்க முடியவில்லை. நான் எனக்குச் சொல்லித் தந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னேன். "மூக்கா? எந்த முட்டி?" என்றார். பங்காளிகள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார்கள். மோதிரம் கழன்று வந்ததே தவிர மாமன் வரவில்லை. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அதைக் கேட்டதும் மாமன் முகம் மாறிவிட்டது. உள்ளுக்குள் என்ன பாடுபட்டார் என்பது எனக்குத் தெரியும். வெளியே, ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி, ஊரே கேட்கச் சொன்னார்:

"மாப்ள நடந்து வரட்டும், வயசுப்புள்ளதான. நான் இங்கனயே இருக்கேன். ஏலே, அடிங்கடா மேளத்த!"

மாலை

உத்தமபாளையத்துக் கல்யாணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளை வண்டியில் இருக்கும்போதே மச்சினன், அதாவது பொண்ணுக்கு அண்ணன், மாலை போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் மாப்பிள்ளை காலைத் தரையில் வைக்கலாம். அது அவர்கள் வழக்கம். கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை தலை மச்சினனுடைய இடுப்புக்கும் கீழே, கூரைக்கு அடியில் இருக்கிறது. மாலை போட வேண்டுமென்றால் மச்சினன் மண்டி போட வேண்டும்.

"எங்க பய மண்டி போட மாட்டான்" என்றார் பொண்ணுக்கு அப்பா. "மாலை விழாம எங்க பய கால் வைக்க மாட்டான்" என்றார் மாப்பிள்ளைக்கு அப்பா. இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தான் என் சகலை பெருமாள், வெள்ளை வேனோடு. என் காரை ஒட்டி நிறுத்தினான். பங்காளிகள் நாலுபேர் மாப்பிள்ளையைக் கால் தரையில் படாமல் காரிலிருந்து தூக்கி வேன் படியில் உட்காரவைத்தார்கள். இப்போது மச்சினன் நின்றபடியே மாலை போட்டான். உயரம் சரியாக இருந்தது. கைதட்டல். பெருமாளுக்கு வேட்டி துண்டு, தோளில் ஒரு பொன்னாடை. நான் காரை எடுக்காமல் அங்கேயே நின்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எல்லோரும் கேட்கச் சொன்னான்:

"சகல, அந்த வண்டியைக் கொஞ்சம் ஓரமா எடுங்க. மாப்ள வண்டிக்கு வழி வேணும்."

ஒரு பாட்டு நேரம்

அதற்கு அப்புறம் முதலாளி வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. யார் ஆரம்பித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டுப் போனில் கல்யாண வீடியோவைக் காட்டினார். கார் மண்டப வாசலில் நிற்கிறது. கதவு திறக்கிறது. என் கால் இரண்டும் வெளியே வருகின்றன. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. கால் மட்டும் இருக்கிறது. வீடியோக்காரன் என்ன செய்வது என்று தெரியாமல் அந்த இடத்தில் ஒரு காதல் பாட்டை முழுதாகப் போட்டிருக்கிறான். பாட்டு முடிகிறபோது என் தலை தெரிகிறது.

"அடுத்த வாரம் பெரியகுளத்துல பெரிய இடத்துக் கல்யாணம். டக்குன்னு இறங்குனாச் சரி, இல்லேன்னா நீங்க வீட்டுல இருங்கண்ணே" என்றார் முதலாளி. வீட்டில் இருந்து நான் என்ன செய்வது? லாரிக்காரர்கள் என் முட்டியைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறார்கள். மகன் திருப்பூரில் தன் பிழைப்பைப் பார்க்கிறான். அவன் வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட இந்தக் காருக்குள்ளேயே கிடந்து சாகலாம்.

வாரம் முழுக்க முதலாளி வீட்டுக் கொட்டகையில், வெயில் உச்சிக்கு வரும் நேரம், காரில் உட்கார்ந்து எழுந்து பழகினேன். முட்டி ஒவ்வொரு தடவையும் காய்ந்த பனங்கருக்குமட்டை ஒடிகிற மாதிரி சத்தம் போட்டது. நானும் போட்டேன். சோறு கொண்டுவந்த என் மனைவி பேச்சி, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு புள்ள பெத்தேன், நான் இம்புட்டுக் கத்தல."

ஆரத்தி

பெரியகுளம். பெரிய மண்டபம், வாசலில் வாழைமரம், பன்னீர், செண்டை மேளத்துக்குக் கேரளாவிலிருந்து ஆட்கள். மாப்பிள்ளை கோட்டு சூட்டில், கறுப்புக் கண்ணாடியோடு என் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறான். நான் ஜிப்பாவில், தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். கூரை தட்டும் என்பதால் இறங்கும்போதுதான் அதைத் தலையில் வைப்பது வழக்கம். அன்றைக்குப் பார்த்து மண்டப வாசல் என் பக்கம் அமைந்தது. மாப்பிள்ளை ரோட்டுப் பக்கம். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்பதும் என் கதவுக்கு நேரே.

கதவைத் திறந்தேன். இரண்டு காலையும் வெளியே வைத்தேன். சாய்ந்தேன். பாதி எழுந்தேன். முட்டி "போதும்" என்றது. திரும்பச் சீட்டில் விழுந்தேன். மறுபடி எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கூட்டத்தில் சின்ன முதலாளி நிற்பது தெரிகிறது. வேன் பக்கத்தில் பெருமாள் நிற்பதும் தெரிகிறது. எழ முடியாததை மறைக்க, ஏதோ அலங்காரத்துக்காகத் தாமதிக்கிறவன் போலத் தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்து நிதானமாகச் சரிசெய்தேன். அதுதான் தப்பாகப் போனது. ஆரத்தித் தட்டு வைத்திருந்தது பொண்ணுக்குப் பெரியத்தை. போட்டோவுக்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தது. வெள்ளை ஜிப்பா, சிவப்புத் தலைப்பாகை, தரையில் வைத்த கால். அந்த அம்மா குலவை போட்டபடி தட்டை எனக்குச் சுற்ற ஆரம்பித்தது. யாரும் தடுப்பதற்குள் மூன்று சுற்றும் முடிந்து, என் நெற்றியில் பொட்டும் வைத்தாகிவிட்டது. பொட்டு வைக்கக் குனிந்தபோதுதான் என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தது.

கடைசியில் அந்தக் கோட்டுக்காரப் பையன் தானே கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, எனக்குக் கையை நீட்டி, "பாத்து வாங்க மாமா" என்று தூக்கிவிட்டான். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு டிரைவர் இறங்குகிறான். கேமரா எல்லாம் அதைத்தான் எடுத்தன. நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் செண்டை மேளம் நின்ற அந்த ஒரு நொடியில் பெரியத்தை சொன்னது மண்டபத்துக் கடைசி வரிசை வரை கேட்டது:

"யாத்தே! மாப்ளைக்கு இம்புட்டு வயசுன்னு யாருமே சொல்லலையே!"

உயரமான வண்டி

மறுநாள் கணக்கை முடித்து அனுப்புவார் என்று நினைத்துப் போனேன். சின்ன முதலாளி என் முட்டியைப் பார்த்தார். முதலாளி அம்மா உள்ளேயிருந்து ஏதோ சொன்னார்கள். "சரி, வண்டியை மாத்திக்கோங்க. நீங்க வேனை எடுங்க, பெருமாளண்ணே காரை எடுக்கட்டும்" என்றார். நான் வெளியே வந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெருமாள் முகத்தை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அது எனக்குப் போதும் போல இருந்தது.

வேன் பக்கம் போனேன். இத்தனை நாள் ஏக்கத்தோடு பார்த்த வண்டி. கதவைத் திறந்தேன். படி என் முழங்காலுக்கு மேலே இருந்தது. இடது காலைத் தூக்கினேன். படி வரை வரவில்லை. வலது காலைத் தூக்கினேன். வந்தது, ஆனால் அதை நம்பி உடம்பை மேலே ஏற்ற அது சம்மதிக்கவில்லை. லாரியில் ஏறிய காலா இது என்று நானே அதைக் குனிந்து பார்த்தேன். பின்னாலிருந்து பெருமாள் வந்து, நெல் மூட்டையை ஏற்றுவது போல என்னைத் தள்ளி ஏற்றிவிட்டான். அப்புறம் அவன் காருக்குள் உட்காரப் போனான். உட்காரும்போது அவன் முதுகிலிருந்து வந்த சத்தத்தை நான் மேலேயிருந்து கேட்டேன். தட்டு நிஜமாகவே விலகியிருக்கிறது. அதற்காக அவன் அன்றைக்கு முதலாளி அம்மா காலில் விழுந்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வண்டி மாற்றிக்கொண்ட பிறகு வந்த முதல் கல்யாணம் தேனியில். மண்டப வாசலில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவன் கீழே, எழ முடியாமல். நான் மேலே, இறங்க முடியாமல். அவனைத் தூக்கிவிட நான் இறங்க வேண்டும். என்னை இறக்கிவிட அவன் எழ வேண்டும். மேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை கதவு திறக்கும் என்று காத்திருக்கிறான், வேனில் பொண்ணு வீட்டார் நானும் இறங்கிக் கதவைத் திறப்பேன் என்று காத்திருக்கிறார்கள். சின்ன முதலாளி தூரத்தில் யாரிடமோ போனில் பேசுகிறார். வயசுப் பையன் யாராவது கிடைப்பானா என்று விசாரிக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பெருமாள் கண்ணாடியை இறக்கி, என்னை அண்ணாந்து பார்த்தான். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவன் குரலில் நக்கல் இல்லை.

"சகல, நீங்க மொதல்ல இறங்கி வந்து என்னைத் தூக்கி விடுங்க. நான் எந்திரிச்சு வந்து உங்களை இறக்கி விடுறேன்."

ஊரார் பெற்ற மாப்பிள்ளைகளையெல்லாம் வாசல் வரை கொண்டுவந்து சேர்த்த எனக்கு, கடைசியில் கைகொடுக்க மிச்சம் இருப்பது, சாகும்வரை பேசக்கூடாது என்று நான் முடிவு செய்து வைத்திருந்த ஒரே ஒரு ஆள்தான்.